நுரை அடங்கினால் போதுமா? ராமநாதபுரக் கடற்கரையில் சோப்புத் தண்ணீர் போய்ச் சேரும் இடங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் எண்ணித்தான் செலவழிப்பார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்ததாக இருந்தாலும், தள்ளுவண்டிக்காரரிடம் விலைக்கு வாங்கியதாக இருந்தாலும், அது குடிக்கவும் உலை வைக்கவும் மட்டுமே. துணி துவைப்பது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், அதாவது போர்த் தண்ணீரில். அந்தத் தண்ணீர் உவர்ப்பு. சோப்புப் போட்டால் நுரை எழுவதற்குள் திரிந்துபோகும். ஆகவே ஒரு கை தூள் போட வேண்டிய வாளியில் இரண்டு கை விழுகிறது. கடலுக்குப் போய்வந்த உடுப்பு, மீன் கவிச்சியும் டீசலும் ஏறியது என்றால் கணக்கே கிடையாது. தண்ணீர் குறைந்த ஊரில் சோப்புத் தூள் கூடுதலாகச் செலவாகிறது. சலவை வேதிப்பொருள்களைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேச வேண்டியவை எல்லாம் இந்த முரணிலிருந்தே தொடங்குகின்றன.

நாம் பொதுவாக நுரையைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். 2019 இறுதியில் சென்னைக் கடற்கரைகளில் வெள்ளை வெள்ளையாக நுரை குவிந்து, அதில் பிள்ளைகள் விளையாடிய படங்கள் நாடெங்கும் பரவின. மதுரையில் வைகைத் தடுப்பணைக்குக் கீழே நுரை பொங்குவதும் அவ்வப்போது செய்தியாகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் நுரையை எழுப்பும் பொருள், சலவைத் தூளில் இருப்பவற்றுள் ஓரளவு சீக்கிரம் அழியக்கூடியது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடுபவை வேறு. எது எங்கே எவ்வளவு காலம் தங்கும் என்பதைக் காற்றோட்டம், நீரின் அளவு, மண்ணின் வகை ஆகியவை தீர்மானிக்கின்றன. மூன்றிலும் ராமநாதபுரத்துக்கு அதன் சொந்த வழி உண்டு.

பாக்கெட்டுக்குள் இருப்பவை

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குச் சோப்புத் தூள் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கும்போது தரும் சாமான் பட்டியலைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆசிட் சிலரி, சோடா ஆஷ், சோடியம் சல்பேட், சாதாரண உப்பு, டோலமைட் மாவு, வெண்மைக்குச் சிட்டிகை டினோபால், கொஞ்சம் வாசனை, கொஞ்சம் நிறம். பெரிய நிறுவனங்களின் தூளில் நொதிகளும் வேறு சில நுணுக்கங்களும் சேரும். அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

ஆசிட் சிலரி என்பது கரும்பழுப்பில் கெட்டியாக ஒழுகும் ஒரு திரவம். வேதியியலில் இதை நேரியல் ஆல்கைல் பென்சீன் சல்போனிக் அமிலம் என்பார்கள். மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நீண்ட கார்பன் சங்கிலியை பென்சீனோடு இணைத்து, அதன் மேல் கந்தகத்தை ஏற்றிச் செய்வது. சென்னை மணலியில் இதற்கான மூலப்பொருள் தயாராகிறது. சோடா ஆஷ் தூத்துக்குடியிலேயே கிடைக்கும். சிலரியோடு சோடா சேர்ந்ததும் அது சோடியம் உப்பாகிறது. அந்த மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். அழுக்கு நீங்குவதும் நுரை எழுவதும் இந்த இரட்டைக் குணத்தால்தான். மீனின் செவுள் பாழாவதற்கும் காரணம் இதுவே.

விலை குறைந்த தூளில் இந்த நுரைப்பொருள் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி சோடாவும் சோடியம் சல்பேட்டும். சோடாவுக்கு ஒரு வேலை உண்டு: உவர்த் தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாக்கி ஒதுக்குவது. கடற்கரை வீடுகளில் துவைக்கும் கல்லின் இடுக்குகளில் நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு வரும். பல வருடத்துச் சோடாவும் கிணற்றுக் கால்சியமும் கூடிப் படிந்த சுண்ணாம்பு, கூடவே பழைய கட்டிச் சோப்பின் பிசுக்கு. சோடியம் சல்பேட்டுக்கு அப்படிப்பட்ட வேலை அதிகம் இல்லை. பாக்கெட்டை நிறைக்கிறது, தூள் கட்டி தட்டாமல் உதிரியாக இருக்க உதவுகிறது. காசு கொடுத்து வாங்கிச் சாக்கடையில் கரைக்கும் உப்பு என்று அதைச் சொன்னால் பெரிய தவறில்லை.

இப்போது ஒரு வாளிக் கணக்கு. 15 லிட்டர் வாளியில் 50 கிராம் தூள், அதில் நுரைப்பொருள் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வருகிறது. பல வகை மீன்களுக்கு லிட்டருக்கு 1 முதல் 10 மில்லிகிராம் அளவே உயிராபத்து. இந்த ஒரு வாளியை 1 மில்லிகிராமுக்கு இறக்க 7,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் 500 குடம். வற்றாத ஆறு ஓடும் ஊரில் இந்த வேலையை ஆறு சத்தமில்லாமல் செய்துவிடும். வைகையோ பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. ஆற்றங்கரை என்னும் ஊரருகே அது கடலைத் தொடுவது நல்ல மழை பெய்த ஆண்டில்தான். மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வாய்க்காலில் ஓடுவது வீட்டுக் கழிவுநீர் மட்டுமே. கலந்து நீர்த்துப்போக அங்கே வேறு நீரே இல்லை.

காற்று இருந்தால் ஒரு கதை, இல்லையென்றால் வேறு கதை

1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் எழுந்தது. அப்போது பயன்பாட்டில் இருந்த நுரைப்பொருளின் கார்பன் சங்கிலி கிளை கிளையாகப் பிரிந்தது. பாக்டீரியா இப்படிப்பட்ட சங்கிலியை முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிக்கொண்டே வரும். கிளை குறுக்கிட்டால் அந்த வேலை தடைப்பட்டுவிடும். மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது, 1964இல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965இல் கிளையற்ற நேர்ச்சங்கிலிக்கு மாறினார்கள். நுரை அடங்கியது. இன்று நம் வீட்டுத் தூளில் இருப்பதும் அந்த நேர்ச்சங்கிலிதான். காற்றோட்டமுள்ள ஆற்றுநீரில் சில நாள்களிலும், காற்றுப் புகும் மண்ணில் ஓரிரு வாரங்களிலும் அது பாதியாகிவிடுகிறது. வெப்பம் கூடினால் நுண்ணுயிர்களின் வேகமும் கூடும். அந்த வகையில் ராமநாதபுரத்து வெயில் நமக்குச் சாதகம்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதல் வெட்டு விழுந்ததுமே மூலக்கூறு நுரைக்கும் திறனை இழந்துவிடும். நச்சுத்தன்மையும் பெருமளவு குறைந்துவிடும், அது உண்மை. ஆனால் பென்சீன் வளையமும் கந்தகமும் ஒட்டிய துண்டு இன்னும் சில காலம் நீரில் இருக்கும். நுரை போனதற்கும் பொருள் முழுதாகச் சிதைந்ததற்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு.

இரண்டாவது விஷயம் இங்கே அதைவிட முக்கியம். அந்த முதல் வெட்டுக்கே ஆக்சிஜன் தேவை. பாலித்தீன் பைகள் அடைத்து, அசையாமல், கறுப்பாகத் தேங்கிய சாக்கடையில் ஆக்சிஜன் இல்லை. வீட்டுக் கழிவறைத் தொட்டியின் உள்ளேயும் இல்லை. அங்கெல்லாம் நேர்ச்சங்கிலி நுரைப்பொருள் கிட்டத்தட்ட வந்தது வந்தபடியே சேற்றில் ஒட்டிக் கிடக்கும். அதோடு, சோடியம் சல்பேட்டில் உள்ள சல்பேட்டை எடுத்துக்கொண்டு வேறொரு வகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். சேறு மையாகக் கறுப்பதற்கும் காரணம் அந்த வாயு இரும்போடு சேருவதே. சாக்கடை நாறுவதற்குச் சலவைத் தூள் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. நாற்றத்துக்குச் சரக்கு தருவதில் அதற்கும் பங்கு உண்டு.

மண்ணில் தங்குவது

நுரைப்பொருளைத் தின்னப் பாக்டீரியா இருக்கிறது. சோடியத்தைத் தின்ன யாரும் இல்லை. அது தனிமம், சிதையாது. போகிற இடமெல்லாம் சோடியமாகவே போகும்.

மறுபடியும் ஒரு கணக்கு. 100 கிராம் தூளில் 35 கிராம் சோடா ஆஷ், 30 கிராம் சோடியம் சல்பேட் என்று எடுத்துக்கொண்டால், சோடியம் மட்டும் ஏறக்குறைய 25 கிராம். ஒரு வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோ தூள் செலவானால் ஆண்டுக்கு 18 கிலோ. அதில் சோடியம் நாலரைக் கிலோ. சாப்பாட்டு உப்பாக மாற்றிச் சொன்னால் 11 கிலோவுக்கு மேல். கொல்லையில் ஒரு வாழைக்கன்றின் அடியில் ஆண்டுதோறும் 11 கிலோ உப்பைக் கொட்ட எவருக்கும் மனம் வராது. துவைத்த தண்ணீரைத் திருப்பிவிடும்போது நடப்பது அதுதான், இதில் போர்த் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பைச் சேர்க்கவே இல்லை. வாழை உப்பு தாங்காத பயிர். இலையின் ஓரம் முதலில் மஞ்சளாகி, பிறகு கருகி உள்நோக்கி வரும். தென்னை நன்றாகத் தாங்கும். சலவைத் தண்ணீரில் தென்னை காய்க்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அதைப் பார்த்து வாழையும் காய்க்கும் என்று நம்புவதில்தான் கோளாறு.

கடற்கரையை விட்டு உள்ளே, முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் கரிசல் மண். களிமண் துகள்கள் மெல்லிய தகடுகளாக இருக்கும், அவற்றைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியம். சோடியம் மிகுந்த தண்ணீர் பாயும்போது சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. தகடுகள் உப்பிப் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. சோடா இன்னொரு கெடுதலும் செய்கிறது. மண்ணீரில் இருக்கும் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடுவதால் சோடியத்தின் கை மேலும் ஓங்கும். கடைசியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, மேலேயே நிற்கும். வெயிலில் காய்ந்தால் பாளம் பாளமாக இறுகும். இந்த மாவட்ட விவசாயிக்குக் களர் நிலம் புதிதல்ல, அதற்கு ஜிப்சம் போட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றுகிறது. ஆனால் வெளியேறிய சோடியத்தைக் கழுவி இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். அதற்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் தேங்கும் நாலடி இடத்தில் புல் முளைக்காமல் மண் மொழுமொழுவென்று இருந்தால், அங்கே ஒரு குட்டிக் களர் உருவாகியிருக்கிறது.

மணல் ஊர்களில் நிலைமை தலைகீழ். ராமேஸ்வரம் தீவிலும் தனுஷ்கோடிப் பக்கத்திலும் மணலில் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனத்த உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மணலில் காற்று தாராளம். ஆகவே நுரைப்பொருள் நன்றாகவே சிதையும், அதற்குக் காற்றுள்ள உலர்ந்த மணல் சில அடியாவது இருக்க வேண்டும். சோடியத்தைப் பிடித்து நிறுத்த மணலில் களிமண் இல்லை. நேராக ஊற்றுக்கு இறங்கிவிடும். ராமேஸ்வரத்தில் அமாவாசை நாள்களில் கூடும் கூட்டத்துக்கு விடுதிகள் விரிக்கும் போர்வைகளும் துண்டுகளும் எங்கேயாவது துவைக்கப்பட்டாக வேண்டும். அக்கினி தீர்த்தத்தில் யாத்ரீகர் விட்டுச்செல்லும் துணிகள் கண்ணை உறுத்துகின்றன, அதனால் பேசப்படுகின்றன. விரிப்புகளைத் துவைத்த தண்ணீர் கண்ணில் படுவதில்லை, பேச்சிலும் அடிபடுவதில்லை.

ஊரணி விஷயத்தில் முன்னோர் கறாராக இருந்தார்கள். குடிநீர் ஊரணியில் காலைக் கழுவக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, செருப்போடு இறங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்றும் உண்டு. வெளியேற வழியில்லாத நீர்நிலைக்கு இதைவிடச் சரியான விதி இல்லை. துவைக்கும் ஊரணியின் கரையோரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: நீரின் மேல் நீண்ட கால்களை ஊன்றி ஓடும் பூச்சிகள் சோப்புத் தண்ணீர் பரவும் பக்கம் வருவதில்லை. நீர்ப்பரப்பின் இழுவிசை தளர்ந்தால் அவற்றால் நிற்க முடியாது, அமிழ்ந்துவிடும்.

வடகடலும் தென்கடலும்

பாம்பன், மண்டபம் மக்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றின்போது நேர்மாறு. அடங்கிய பக்கத்தில் கரையோரக் கழிவுநீர் சீக்கிரம் கலைவதில்லை.

கடலுக்கு வந்த நுரைப்பொருள் நன்னீரில் இருந்ததைவிட மெதுவாகவே சிதைகிறது. உப்பு கூடக்கூட அது நீரில் கரைந்திருப்பதைவிடச் சேற்றில் ஒட்டுவதையே விரும்பும். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருப்பதும் அதைப் படியவைக்க உதவுகிறது. அதனால் ஆபத்து நடுக்கடலில் இல்லை, வாய்க்கால் முகத்துவாரத்தின் சேற்றில் இருக்கிறது. அந்தச் சேற்றின் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. நண்டும் சிப்பியும் புழுவும் வாழ்வது அங்கேதான்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்கே பவளப்பாறையும் கடற்புல் படுகையும் இருக்கின்றன. கடற்புல்லை நம்பி ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. இவற்றுக்கு நுரைப்பொருளைவிடப் பெரிய தொல்லை ஊட்டச்சத்து மிகுதி. கடற்புல்லின் இலைமேல் பாசி படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். பாஸ்பேட் கூடினால் பவளம் சுண்ணாம்புக் கூடு கட்டுவதும் குறையும். இந்த இடத்தில் சலவைத் தூளுக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டும். நம் விலை குறைந்த தூள்களில் பாஸ்பேட்டைவிடச் சோடாவே முதன்மை, அது மலிவு என்பதால். கழிவுநீரில் வரும் பாஸ்பேட்டில் மனிதக் கழிவின் பங்கும் பெரிது. கடலில் பாசி பெருகுவதைத் தீர்மானிப்பதில் நைட்ரஜனுக்கே பொதுவாகக் கூடுதல் செல்வாக்கு. 2019 செப்டம்பரில் தென்கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது, மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகியதே காரணம். அதைச் சோப்புத் தண்ணீர் தலையில் கட்டிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. கடலின் நீரோட்டம், பருவம், நிலத்திலிருந்து வரும் எல்லா ஊட்டச்சத்தும் சேர்ந்த விளைவு அது.

பவளத்துக்குக் கேடு செய்யும் முதல் குற்றவாளி கடல்நீரின் வெப்பமே. 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது அதனால்தான். வெப்பத்தால் தளர்ந்த பவளம் மீண்டு வர வேண்டிய மாதங்களில் கரையிலிருந்து அழுக்கு வந்தால், மீள்வது தாமதமாகும்.

இன்னொரு வழக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விசைப்படகின் அடியில் டீசலும் எண்ணெயும் கலந்து தேங்கும் நீரில் சோப்புத் தூளைக் கொட்டிக் கலக்கி வெளியேற்றினால் எண்ணெய்ப் படலம் தெரியாது. எண்ணெய் காணாமல் போகவில்லை. நுண்துளிகளாக உடைந்து, மேலே மிதந்தது கீழே இறங்கி, மீன் குஞ்சு இருக்கும் நீருக்குள் கலந்துவிடுகிறது. 1967இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியபோது எண்ணெயை உடைக்கச் சுமார் 10,000 டன் சலவை மருந்தைத் தெளித்தார்கள். கரைப்பாறை உயிர்களுக்கு எண்ணெயைவிட அந்த மருந்தே அதிகக் கேடு செய்தது என்பது பிறகு தெரிந்தது. அதில் நுரைப்பொருளோடு சேர்த்திருந்த கரைப்பானின் நச்சும் ஒரு காரணம். துறைமுகத்தில் எண்ணெய் மிதப்பது கண்ணுக்கு அசிங்கம், ஆனால் மிதக்கும் எண்ணெயை அள்ள முடியும். கரைந்ததை அள்ள முடியாது.

வெண்மை தரும் டினோபால் போன்றவை வெயிலில் மெல்ல மங்கும், சேற்றில் புதைந்தால் நெடுநாள் கிடக்கும். நச்சு குறைவு. புற ஊதா விளக்கில் ஒளிரும் என்பதால், எந்தக் கிணற்றில் சலவைத் தண்ணீர் கசிகிறது என்று துப்புத் துலக்கவும் உதவும். நொதிகள் சீக்கிரம் அழிந்துபோகும், அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வீட்டளவில் செய்யக்கூடியது என்ன? உவர்த் தண்ணீரில் துவைக்கும் வீட்டில் தூளின் அளவைக் குறைக்கச் சொல்வது வீண் உபதேசம், அழுக்கு போகாது. சோடா, சல்பேட் குறைந்த திரவ வகைக்கு மாறினால் சோடியம் வெகுவாகக் குறையும், விலை கூடும். கடைசி அலசல் நீரை மட்டும் செடிக்கு விட்டு, முதல் நீரைத் தனியே வடிப்பது காசில்லாத வழி. தூள் பெரும்பாலும் முதல் நீரோடு போய்விடுகிறது.

தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் ஊரகக் கழிவுநீருக்கு உறிஞ்சு குழிகள் அமைக்கிறார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் ஒரே வரைபடத்தை மாவட்டம் முழுக்கப் போட்டால் பாதி இடத்தில் தோற்கும். கரிசல் ஊரில் சோடியம் ஏறிய குழியின் சுவர் சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். அங்கே குழியைவிட, கல்வாழையும் கோரையும் நட்ட, அவ்வப்போது ஜிப்சம் தூவும் அகலமான பாத்தியே தேவலாம். மணல் ஊரில் குழி வேலை செய்யும். அது ஆழமாக இருக்கக்கூடாது, அகலமாக இருக்க வேண்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே காற்றுள்ள உலர்ந்த மணல் மிஞ்ச வேண்டும். வாடை மழையில் நீர்மட்டம் பல அடி மேலேறி வந்துவிடும். குழியின் ஆழத்தை மே மாதத்துக் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, நவம்பர் கடைசியில் அளந்து முடிவு செய்ய வேண்டும்.